உடைந்த பேன்ஹார்டு ராடு: பழைய எஸ்யூவிக்கு எந்த மாற்று பொருந்தும்?

முன்பக்கம் ஒரே துண்டு ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும் கொண்ட பழைய எஸ்யூவிகளில் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குமே தவிர, ஆக்சில் இடம் வலமாக நகராமல் பிடித்துவைப்பது ஒரே ஒரு கம்பியின் பொறுப்பு. அதுதான் பேன்ஹார்டு ராடு. அதன் ஒரு முனை சேசிஸின் ஒரு பக்கத்திலும், மறுமுனை ஆக்சிலின் எதிர்ப்பக்கத்திலும் பூட்டப்பட்டிருக்கும். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80, நிசான் பேட்ரோல் ஒய்61, ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 1998இல் வந்த சுஸுகி ஜிம்னி ஆகிய எல்லாவற்றிலும் ஏற்பாடு இதுவே. இத்தகைய வண்டியை லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தும்போது கம்பெனி ராடைக் கழற்றிவிட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆஃப்டர்மார்க்கெட் (வேறு நிறுவனங்கள் தயாரிக்கும்) ராடு ஒன்றைப் பொருத்துவது வழக்கம். அது உடைந்ததும் அடுத்து எந்தப் பிராண்டு வாங்கலாம் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவரை அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை என்பது என் கருத்து. ஏனெனில் அந்த ராடு தன் குறையால் உடைந்ததா, வேறொன்றின் குறையைச் சுமந்து உடைந்ததா என்பதைப் பொறுத்தே சரியான மாற்று எது என்பது மாறும்.

நீளம் மாற்றக்கூடிய ராடு ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இரு முனைகளுக்கும் இடையே 850 மி.மீ. நீளமுள்ள ஒரு ராடின் சேசிஸ் முனை, ஆக்சில் முனையைவிட 100 மி.மீ. மேலே இருப்பதாகக் கொண்டால், படுக்கைவாட்டில் அது எட்டும் தூரம் ஏறத்தாழ 844 மி.மீ. வண்டியை 75 மி.மீ. உயர்த்தினால் அந்தத் தூரம் 832 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். ஆக, ஆக்சில் முழுவதும் சேசிஸ் முனை இருக்கும் பக்கம் 12 மி.மீ. இழுபடுகிறது. பார்வைக்குப் பெரிதாகத் தெரியாத இந்த விலகலைவிட, ராடின் சாய்வு கூடுவதுதான் பெரிய விஷயம். சக்கரம் மேலும் கீழும் போகும்போது முனைகளில் போல்ட்டைச் சுற்றி மெத்தைபோல் இருக்கும் வளையமான புஷ் முன்பைவிட அதிகமாக முறுக்கப்படுகிறது. வண்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் கரடுமுரடான இடங்களில், புஷ் வடிவமைக்கப்படாத திசையிலும் வளைக்கப்படுகிறது. அந்த வளைவை விட்டுக்கொடுக்க ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும். புஷ் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் ராடோ, வெல்டிங்கோ, பிராக்கெட்டோ அந்தப் பளுவை வாங்கிக்கொள்ளும்.

கண்டறியும் முறைகளில் இரண்டு போட்டியிடுகின்றன. பல ஒர்க்ஷாப்களில் கைப்பழக்கமாக வருவது, வண்டியை ஜாக்கியில் தூக்கி, லீவர் போட்டு நெம்பிப் பார்ப்பது. வீல் பேரிங், டை ராடு (இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஆகியவற்றுக்கு இது நல்ல முறை: சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கின் ஆட்டமோ நக்கிளின் ஆட்டமோ தெரியும், இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடின் ஆட்டம் தெரியும். ஆனால் பேன்ஹார்டு ராடுக்கு இதை நான் நம்புவதில்லை. ஆக்சில் தொங்கும் நிலையில் ராடு தன் சாய்வின் எல்லைக்குப் போய்விடுகிறது, புஷ் முறுக்கேறி நிற்கிறது, போல்ட் துளையின் ஒரு பக்கம் அழுந்திக்கொள்கிறது. ஓட்டத்தில் கடகடவென்று அடிக்கும் இணைப்பு அங்கே இறுகினாற்போல் நடிக்கும்.

இரண்டாவது முறை, சக்கரங்கள் தரையில் நிற்க, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக, ஆனால் விறுவிறுவென்று திருப்ப, மற்றொருவர் ராடின் முனைகளைக் கவனிப்பது. டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஸ்டியரிங்கின் விசை முழுவதும் ஆக்சிலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதைத் தடுக்கும் ராடு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள ரப்பர் புஷ் சற்றே நெளியும், அதில் சத்தம் இருக்காது. போல்ட்டின் தலை பிராக்கெட்டோடு சேர்ந்து அசையாமல் தனியாக நகர்ந்தால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தை விரல் கண்டுபிடித்துவிடும்: புஷ்ஷின் வெளிவளையமும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் விரலின் நுனியை இலேசாக வைத்தால், டக்கென்று ஒரு தட்டல் உணர்வாகப் படும். விரலை அந்த இடுக்குக்குள் நுழைக்கக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ராடு முற்றிலும் முறிந்திருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சக்கரம் திரும்புவதற்கு முன்பே பாடி பக்கவாட்டில் நகரும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போவதே சரி.

ராடின் இணைப்பில் ஆட்டம் இருந்து ஸ்டியரிங்கில் குலுக்கல் வந்ததும், சிலர் அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றுவார்கள். அது குலுக்கலைக் கொஞ்ச நாள் அமுக்கிவைக்கும், அவ்வளவே. ஆட்டம் இருக்கும் இடம் அப்படியே இருக்கும்.

இனி உடைந்த துண்டு. முறிந்த முகத்தைத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் படிக்க வேண்டிய எழுத்து அழிந்துபோகும். உலோகச் சோர்வால் உடைந்த முகத்தில், ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி மரத்தின் வளையங்களைப் போல விரியும் மழமழப்பான பகுதியும், அதற்கு எதிரே சொரசொரப்பான சாம்பல் நிறப் பகுதியும் தெரியும். மழமழப்பான பகுதியே விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்த இடம். அதில் துருவும் அழுக்கும் படிந்து கறுத்திருந்தால் விரிசல் பழையது. சொரசொரப்பான பகுதி கடைசி அடியில் பட்டென்று முறிந்த இடம். முகத்தின் பெரும்பகுதி மழமழப்பாகவும், கடைசி முறிவு ஒரு சிறு மூலையாகவும் இருந்தால், ராடின் மீது வந்த பளு பெரிதல்ல, அது நெடுநாள் ஓடி ஓய்ந்திருக்கிறது. கடைசி முறிவே பெரிதாக இருந்தால், பளு ராடின் அளவை மீறியிருக்கிறது. வளையங்களே இல்லாமல், முகம் முழுவதும் சொரசொரப்பாக, ராடும் வளைந்து கிடந்தால், ஏதோ ஒன்றில் மோதிய ஒரே அடியில் போயிருக்கிறது.

விரிசல் தொடங்கிய இடமும் பேசும். புஷ் வளையத்தை ராடோடு சேர்க்கும் வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கியிருந்தால், வெல்டிங் தரமாக இல்லை அல்லது புஷ் விட்டுக்கொடுக்காமல் வளைவை அங்கே தள்ளியிருக்கிறது. ராடின் நீளம் மாறாமல் பூட்டிவைக்கும் லாக் நட்டுக்கு வெளியே தெரியும் முதல் மரையின் அடியில் தொடங்கியிருந்தால், முனை இணைப்பு தன் சாய்வின் எல்லையைத் தொட்டு இடித்து, இழுப்பையும் அமுக்கத்தையும் மட்டுமே தாங்க வேண்டிய மரைத்தண்டை வளைத்திருக்கிறது. லாக் நட்டு தளர்ந்திருந்தாலும், மரை போதிய அளவு உள்ளே போகாமல் நுனியில் நின்றிருந்தாலும் இதே முறிவு வரும். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருப்பது பாதுகாப்பான வழக்கம்.

இந்த வாசிப்போடு மாற்றுகளைப் பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும். கம்பெனி ராடுக்குத் திரும்புவதைப் பலர் பின்வாங்கலாக நினைக்கிறார்கள். வண்டி அதிகம் உயர்த்தப்படாதிருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. சரிசெய்யும் மரை இல்லை என்பதே அதன் பலம்: தளர்வதற்கு லாக் நட்டு இல்லை, முறிவதற்கு மரைத்தண்டு இல்லை. அதன் ரப்பர் உள்வளையத்தோடும் வெளிவளையத்தோடும் ஒட்டப்பட்டிருப்பதால் கிரீஸ் கேட்பதில்லை, சாய்வைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, அதிர்வை ஸ்டியரிங்குக்கு அனுப்புவதில்லை. ரப்பர் காலத்தால் வெடிக்கும், எஞ்சின் எண்ணெய் பட்டால் ஊறிப்போகும் என்பவை உண்மையான குறைகள். ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவர முடியாது என்பது உயர்த்திய வண்டிக்கு மட்டும் உள்ள குறை.

நீளம் மாற்றக்கூடிய ராடுகளில் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள்) புஷ் உள்ளதும், ஹெய்ம் ஜாயின்ட் (உலோகக் கோளம் ஒரு வளையத்துக்குள் சுழலும் இணைப்பு) உள்ளதும் நேருக்கு நேர் நிற்கின்றன. பாலியூரித்தேனுக்கு ஸ்டியரிங் துல்லியமாகும் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயர் தார்ச் சாலைக்குச் சரி. அது உள்வளையத்தோடு ஒட்டப்படாமல் அதன்மேல் சுழல்வதால் மேலும் கீழுமான அசைவை எளிதாக ஏற்கும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். ஆனால் பக்கச் சாய்வை அது ரப்பர் அளவுக்கு ஏற்பதில்லை. வெல்டிங் ஓரத்தில் முறிந்த ராடை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பாலியூரித்தேன் புஷ் போட்ட மற்றொரு ராடைப் பூட்டுவது அதே முறிவுக்கு நாள் குறிப்பதாகும். ஹெய்ம் ஜாயின்ட்டோ சாய்வைத் தாராளமாக ஏற்கும், துளியும் நெளியாது, கல்லும் மேடுமான பாதையில் ஆக்சில் முறுகும்போது ராடை வளைக்காது. அதற்கான விலை வேறு: சேறும் நீரும் புகுந்து தேய்ந்ததும் சத்தமிடத் தொடங்கும், சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் கைக்கு அனுப்பும், அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு முனையில் ரப்பரும் மறுமுனையில் கோள இணைப்பும் வைத்த ராடுகள் உண்டு. அன்றாடம் ஓட்டவும் அவ்வப்போது காட்டுப்பாதைக்குப் போகவும் வைத்திருக்கும் ஒரே வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ராடை விட்டுவிட்டு, சேசிஸ் பக்கத்து பிராக்கெட்டைக் கீழே இறக்கி, ராடின் சாய்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மற்றொரு வழி. கணக்கில் இதுவே அழகானது. ஆனால் ராடும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் மேடுபள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பாமல் இருக்கும்; ஆகவே ராடை மட்டும் இறக்கி டிராக் லிங்க்கை விட்டுவிட்டால் ஒரு நோயைத் தீர்த்து மற்றொன்றை வாங்கிக்கொள்கிறோம். நீண்ட பிராக்கெட் நெம்புகோலாகவும் வேலை செய்வதால் சேசிஸ் தகட்டில் விரிசல் விடும் வாய்ப்பு கூடும். துருப்பிடித்த பழைய வண்டியில் இதைத் தவிர்ப்பது நல்லது. உடைந்த ராடையே வெல்டிங் வைத்து ஒட்டுவது, வண்டியைக் காட்டிலிருந்து சாலைக்குக் கொண்டுவர மட்டும்.

துளை நீள்வட்டமாகியிருந்தால் மேலே சொன்ன எந்த ராடும் பயன் தராது. போல்ட்டின் இறுக்கம் ஏற்படுத்தும் உராய்வுதான் இணைப்பைப் பிடித்திருக்க வேண்டும். போல்ட்டே ஆணியாக நின்று தாங்கத் தொடங்கியதும் புது ராடும் சில வாரங்களில் அடிக்கத் தொடங்கும். அடுத்த அளவு போல்ட்டுக்குத் துளையைச் சீராகப் பெரிதாக்கலாம், அல்லது சரியான துளையிட்ட தடித்த தகட்டை பிராக்கெட்டின் இரு பக்கமும் வைத்து வெல்டிங் செய்யலாம்.

எந்த ராடானாலும், ரப்பர் புஷ் இருக்கும் முனையின் போல்ட்டை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழிந்துபோகும். நீளத்தை முடிவுசெய்ய, இரு பக்கமும் சேசிஸிலிருந்து சக்கரத்தின் விளிம்பு வரை அளந்து சமமாக்கினால் போதும். ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்ததால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். அதை டிராக் லிங்க்கில் நேராக்க வேண்டும். லாக் நட்டின் மேலும் ராடின் மேலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவைத்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அது தளர்ந்ததா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.