பழைய தடமா, புதுத் தடமா?

இருபது வருடம் கழித்து ஓர் ஊருக்குத் திரும்பச் சுற்றுலா போகும்போது ஒன்று, அன்று போன அதே மாதம், அதே தங்குமிடம், அதே வரிசையில் அதே இடங்கள் என்று போகலாம். இல்லையென்றால், ஊர் மட்டும் அதுவாக இருக்கட்டும், மற்றதெல்லாம் மாறட்டும் என்று போகலாம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், ஆனால் முதலாவதை முழுசாகத் தள்ளிவிட மனசு வரவில்லை.

பழைய தடத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஒரு தெருமுனையில் கால் தானாகத் திரும்பும், அந்த நிமிஷம் பல வருடமாக நினைக்காத ஒரு பேச்சு, ஒரு திடீர் மழை, கூட வந்தவர் போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் மேலே வந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினால் இது கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், நாம் தயாராக இருந்தாலும் இடம் தயாராக இருக்க வேண்டுமே. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைமேல் ஏறியவர்கள் இனி ஏற முடியாது, அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதமான இடம், 2019 அக்டோபர் 26 முதல் ஏறத் தடை. மால்டாவின் கோசோ தீவில் கடலுக்குள் நின்ற 'அஸூர் விண்டோ' பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்தே போனது. பெரு நாட்டில் மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவில் முன்பு இஷ்டத்துக்குச் சுற்றலாம், இப்போது டிக்கெட்டில் நேரமும் பாதையும் குறித்தே தருகிறார்கள். அதே காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதே இடங்களைப் புதுத் தடத்தில் யோசித்துப் பாருங்கள். உலுருவைச் சுற்றி வர சுமார் 10 கிலோமீட்டர் நடை, வழியில் பாறை ஓவியங்களும் நீர்ச்சுனைகளும் இருக்கின்றன, ஏறி இறங்கிவிட்டு வண்டியைப் பிடித்தவர்கள் இதையெல்லாம் பார்த்திருக்கவே மாட்டார்கள். கோசோவில் இடிந்த பாறைகள் கடலடியில் கிடக்கின்றன, முக்குளிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவைக் கூட்டம் தாங்காமல் 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில் திறந்தபோது கரையோரத்தில் சுறாக்கள் திரும்பியிருந்தன. இப்போது அங்கே நீந்த விடுவதில்லை, படகும் முன்பக்கமாக உள்ளே வராது. முன்பு அங்கே குளித்தவருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு அந்தச் சுறாக்களே போதும்.

செலவு, அலைச்சல் இரண்டிலும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

யாரோடு போகிறோம் என்பதுதான் முக்கியம். அன்று கூட வந்த அதே ஆளோடு போனால் பழைய தடம் அருமை, ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். முதன்முறையாக வரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, "இங்கேதான் நாங்கள் நின்றோம்" என்று இடத்துக்கு இடம் சொன்னால் அது அவர்கள் பயணமே இல்லை, அவர்களுக்குப் புதுத் தடம்தான் சரி. கூட வந்தவர் இப்போது உயிரோடு இல்லையென்றால்? நான் அப்படி ஒரு முறை போய், இறங்கியதும் நேராகப் பழைய தங்குமிடத்துக்குப் போனேன். ஒவ்வொரு வாசலும் கனத்தது, மூன்று நாள் பயணத்தை ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த முறை ஊரின் வேறு பக்கத்தில் தங்கி, வேறு பருவத்தில், நடந்தே சுற்றினேன். ஊரோடு புதிதாகப் பழக்கம் ஏற்பட்ட பிறகு, கடைசி நாள் சாயங்காலம் மட்டும் அந்தப் பழைய தெருவுக்குப் போனேன். அழுகை வந்தது, ஆனால் ஓடத் தோன்றவில்லை.

அதனால் புதுத் தடத்தில் போங்கள், பழைய தடத்துக்குக் கடைசியில் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். அப்புறம், டிக்கெட் எடுக்கும் முன் இடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், மாயா விரிகுடாவையே வருடா வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள்.