மொழிபெயர்ப்புச் செருகுநிரலின் பெயரால் ஏமாற்று: தமிழ்ப் பக்கங்கள் வைத்திருப்போர் கவனத்துக்கு

எங்கள் சங்கம் சிறுநீரக நோயாளிகளுக்காக நடத்தப்படுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோர் எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர என்னென்ன சான்றுகள் வேண்டும் என்பவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எங்கள் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறோம். வருவோரில் பெரும்பாலோர் தமிழ்ப் பக்கங்களையே படிக்கிறார்கள். வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கும் இந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனம், தமிழாக்கத்துக்காக எங்களிடம் இரண்டு தலைப்புகளில் பணம் வாங்கியது. மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு தமிழாக்குவதற்குச் சொல்லுக்கு 2 ரூபாய் என்பது ஒன்று. தளத்தோடு இணைத்துக்கொள்ளும் துணை நிரலான மொழிபெயர்ப்புச் செருகுநிரலுக்கான ஆண்டு உரிமக் கட்டணம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இரசீதுகள் எங்களிடம் இருக்கின்றன.

உரிமக் கட்டணத்தைப் புதுப்பித்த சில வாரங்களிலேயே தமிழ்ப் பக்கங்கள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்துபோயின. ஆங்கிலப் பக்கங்கள் திறந்தன. தமிழ் முகவரிகள் அனைத்திலும் 404 என்ற பிழைச் செய்தியே வந்தது. அமைத்துக் கொடுத்தவர்களைக் கேட்டபோது தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையில் கோளாறு என்றார்கள். ஹோஸ்டிங் தரப்பில் வழங்கியின் (சர்வரின்) பதிவேட்டை எடுத்துக் காட்டி, தங்கள் பக்கம் குறை இல்லை என்றார்கள். அதன் பிறகு, தளத்தின் உரை சேமிக்கப்படும் தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்றும் அதைச் சரிசெய்யத் தனிக் கட்டணம் ஆகும் என்றும் அதே நிறுவனம் எங்களுக்கு ஒரு மதிப்பீட்டை அனுப்பியது. இந்த இடத்தில்தான் சங்கத்தின் நலம்விரும்பியான ஒரு பொறியாளரை அழைத்துத் தளத்தைப் பார்க்கச் சொன்னோம்.

அவர் முறையாகவே தொடங்கினார். பக்க முகவரிகளை வகுக்கும் நிரந்தர இணைப்புகளுக்கான அமைப்பை மீண்டும் ஒருமுறை சேமித்தார். மொழிக்கான முகவரி விதிகள் கலைந்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். தற்காலிகமாகச் சேமிக்கப்பட்ட பக்க நகல்களான கேஷ் முழுவதையும் துடைத்தார். தளத்தின் நகலொன்றை உருவாக்கி, அதில் மற்றச் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். எதிலும் மாற்றமில்லை. கடைசியாக பிஎச்பி மைஅட்மின் என்ற கருவி வழியாகத் தரவுத்தளத்தைத் திறந்து, எங்களிடம் அச்சில் இருந்த ஒரு தமிழ்ப் பக்கத்தின் வாக்கியத்தை எல்லா அட்டவணைகளிலும் தேடினார். அந்த வாக்கியம் எங்குமே இல்லை. பழைய காப்புப் பிரதிகளிலும் இல்லை. தரவுத்தளம் பழுதாகவே இல்லை. நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய தமிழ் ஒருநாளும் அதற்குள் இருந்ததில்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பலரும் அறியாத வேறுபாடு இது. டபிள்யூபிஎம்எல், பாலிலாங், டிரான்ஸ்லேட்பிரஸ் போன்ற செருகுநிரல்கள் மொழிபெயர்ப்பை நம் தளத்தின் தரவுத்தளத்திலேயே சேமிக்கின்றன. உரிமம் காலாவதியானாலும் மேம்படுத்தல்கள்தாம் நிற்குமே தவிர உரை நம்மிடமே இருக்கும். வேறொரு வகை, மொழிபெயர்ப்பைச் சேவை நடத்துவோரின் வழங்கியில் வைத்துக்கொண்டு, பக்கம் திறக்கப்படும்போது அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது. சந்தா நின்றால் பக்கமும் நின்றுவிடும். அந்த வகை தன்னளவில் தவறானதன்று. விரைவாக அமைக்க விரும்புவோர் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்களுக்கு இழைக்கப்பட்ட தவறு வேறு. அந்தச் சேவையின் கணக்கு எங்கள் பெயரில் இல்லாமல் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருந்தது, பல வாடிக்கையாளர்களின் தளங்கள் அதே ஒரு கணக்கில் இணைக்கப்பட்டிருந்தன, எங்களிடம் ஆண்டுக் கட்டணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அவர்கள் அந்தச் சந்தாவைக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். கணக்கு வேறொருவருடையது என்பதால் சேவை நடத்துவோரும் எங்களுக்கு உரையைத் தர மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகே எங்கள் உரை அட்டவணை வடிவிலான ஒரு சிஎஸ்வி கோப்பாக வந்து சேர்ந்தது. அதில்தான் இரண்டாவது ஏமாற்றும் வெளிப்பட்டது. இத்தகைய சேவைகள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது இயந்திரம் பெயர்த்ததா, மனிதர் திருத்தியதா என்ற குறிப்பைச் சேர்த்தே வைக்கின்றன. எங்கள் கோப்பில் முகப்புப் பக்கத்தின் சில வரிகளைத் தவிர அனைத்தும் தானியங்கி மொழிபெயர்ப்பு என்றே குறிக்கப்பட்டிருந்தன. சொல்லுக்கு 2 ரூபாய் வாங்கிய வேலையை யாருமே செய்யவில்லை. பணத்தைவிட என்னை வருத்தியது வேறு: சங்கத்துக்கு ஆலோசனை கூறும் சிறுநீரக மருத்துவர் அந்தக் கோப்பைப் படித்தபோது, நீர் அளவைப் பற்றிய எச்சரிக்கை வாக்கியம் ஒன்று நேர் எதிரான பொருளைத் தருவதைச் சுட்டிக்காட்டினார். சிறுநீர் மிகக் குறைந்துவிட்ட ஒருவர் கூடுதலாக நீர் அருந்தினால் அது உடலில் தேங்கி நுரையீரல் வரை பாதிக்கும். அப்படிப்பட்டவர்கள் நம்பிப் படிக்கும் பக்கம் அது.

இப்போது டிரான்ஸ்லேட்பிரஸின் இலவசப் பதிப்பைக் கொண்டு தமிழ்ப் பக்கங்களை மீண்டும் அமைத்து வருகிறோம். கூடுதலாக ஒரு மொழியை அது கட்டணமின்றி அனுமதிக்கிறது. முகவரியின் இறுதியில் பக்கத்தைக் குறிக்கும் ஆங்கில இணைப்புப் பெயரை அப்படியே வைத்துக்கொள்வதால், நோயாளிகள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்ட பழைய தமிழ் இணைப்புகளும் மீண்டும் திறக்கின்றன. இணைப்புப் பெயரையும் தமிழில் வைக்கலாமே என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். எனக்கும் அந்த விருப்பம் உண்டு. ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது, வேர்ட்பிரஸோ இணைப்புப் பெயருக்கு 200 எழுத்துகளையே ஒதுக்கியிருக்கிறது. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே கணக்காவதால், இரண்டு மூன்று சொற்களிலேயே பெயர் வெட்டுப்பட்டுவிடும். இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். டிரான்ஸ்லேட்பிரஸின் அகராதி அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நிலையைக் குறிக்கும் எண் உண்டு. இயந்திரம் பெயர்த்தது என்றால் 1, மனிதர் சரிபார்த்தது என்றால் 2. இனி எங்கள் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்குமுன் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்கிறோம்.

இதே போன்ற ஏற்பாட்டில் தளம் நடத்தும் சங்கங்களும் சிறு நிறுவனங்களும் அடுத்த உரிமக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன், தளத்தின் தரவுத்தளக் காப்புப் பிரதியை வாங்கி அதில் தங்கள் தமிழ் வாக்கியம் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டுகிறேன். அது கிடைக்காவிட்டால், உரை எந்தக் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். சேவை நடத்துவோர் அளித்த அசல் இரசீதையும் கேளுங்கள். அமைத்துக் கொடுத்தவர் தாமே தட்டச்சு செய்து தரும் இரசீது போதாது. மருத்துவம், சட்டம், மருந்து பற்றிய பக்கங்களாக இருந்தால் முழு உரையையும் ஏற்றுமதி செய்து துறை அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாக எங்கள் முறையீட்டைப் பதிவு செய்திருக்கிறோம். தீர்வு வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குச் செல்வோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்தாக வேண்டும். தண்ணீர் அளவு, உணவுமுறை பற்றிய பக்கங்கள் மருத்துவர் சரிபார்த்த பின் மீண்டும் வெளியாகிவிட்டன. காப்பீட்டுத் திட்டம் பற்றிய பக்கங்கள் இன்னும் சரிபார்ப்பில் இருக்கின்றன. அதுவரை அந்த விவரங்களைச் சங்க அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.