டச் இல்லாத "டச் ஸ்கிரீன்": மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் 2.8 அங்குல டிஸ்ப்ளே வாங்குவோர் கவனத்துக்கு

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்ட்களோடு இணைக்கவென்று கூரியரில் நம் பக்கம் வரும் 2.8 அங்குல டிஸ்ப்ளேகளில் அப்பட்டமான ஏமாற்று ஒன்று நடக்கிறது. விளம்பரத்தில் "டச் ஸ்கிரீன், பேனா இலவசம்" என்று இருக்கும். பார்சலுக்குள் பேனாவும் இருக்கும். டிஸ்ப்ளேயில் மட்டும் டச் இருக்காது. கல்முனை, காத்தான்குடி, செங்கலடி என்று பல இடங்களில் இருந்து "ஒருக்கா செக் பண்ணித் தாங்க" என்று எங்களிடம் வந்த போர்ட்களில் இதே குறையைத் திரும்பத் திரும்பக் கண்டோம். வாங்கியவர்கள் பெரும்பாலும் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்களும், ஒலுவில், வந்தாறுமூலை வளாகங்களில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்பவர்களும்தான். தங்கள் கோட்தான் பிழை என்று நம்பி, வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டி, ஒப்படைக்க வேண்டிய நாள் வரை காத்திருந்த பிள்ளைகள். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. விற்பனைப் பக்கத்தின் பெயர் மாறினாலும் சரக்கு மாறாது; சரக்கை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது? ஐஎல்ஐ9341 டிரைவருடன் (திரையை இயக்கும் சிப்) வரும் சிவப்பு நிற 240×320 எஸ்பிஐ (சில வயர்களிலேயே தரவு அனுப்பும் முறை) போர்ட் இரண்டு வகையாகத் தயாராகிறது. எம்எஸ்பி2807 என்ற மொடலில் டச் உண்டு. எம்எஸ்பி2806 என்ற மொடலில் இல்லை. ஆனால் இரண்டுக்கும் சர்க்கிட் போர்ட் ஒன்றேதான். ஆகவே டச் இல்லாத போர்ட்டிலும் 14 பின்கள் வரிசையாக நிற்கும்; கடைசி ஐந்தின் அருகே டி_சிஎல்கே, டி_சிஎஸ், டி_டிஐஎன், டி_டிஓ, டி_ஐஆர்க்யூ என்று அச்சிட்டும் இருக்கும். சுவிட்ச் பெட்டி பொருத்திவிட்டு உள்ளே வயர் இழுக்காத வீடு மாதிரி, அந்தப் பின்கள் எங்கும் போவதில்லை. "டச் இருக்கா?" என்று கேட்பவருக்கு விற்பனையாளர் இந்த அச்செழுத்தைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார். அந்தப் படம் எதற்கும் சாட்சி அல்ல.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். போர்ட்டைத் திருப்புங்கள். டி_ என்று தொடங்கும் பின்களுக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் எட்டு எட்டாகப் 16 கால்கள் உள்ள சிறு கறுப்புச் சிப் இருக்க வேண்டும். அதன்மேல் எக்ஸ்பிடி2046 என்றோ, அதற்கு நிகரான வேறு சிப்பின் எண்ணோ இருக்கும். அந்த இடத்தில் வெறும் வெள்ளிப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் அது டச் இல்லாத போர்ட். பிறகு முன்பக்கம். டச் உள்ளதில் கண்ணாடிக்கு மேலே இன்னொரு படலம் ஒட்டியிருக்கும். விளிம்பில் மெல்லிய சாம்பல் நிறக் கோடுகளும், ஒரு ஓரத்தில் நான்கு தடங்கள் கொண்ட குட்டி வாலும் தெரியும். நகத்தால் மெதுவாகத் தொட்டால் மேற்பரப்பு கொஞ்சம் உள்வாங்கும். டச் இல்லாததில் நேரே எல்சிடி கண்ணாடிதான் இருக்கும். படம் ஓடும்போது அழுத்தினால் தண்ணீரில் விரல் வைத்ததுபோல நிறம் கலையும். அதைப் பலமாக அழுத்திச் சோதிக்க வேண்டாம், கண்ணாடி வெடிக்கும்.

சிப் இருந்தும் வேலை செய்யாத போர்ட்களும் வருகின்றன. அப்போது விற்பனையாளரின் முதல் பதில் "கோட் பிழை" என்பதுதான். கோடே இல்லாமல் சோதித்து அதற்குப் பதில் சொல்லலாம். ஒரு மல்டிமீற்றரும் 3.3 வோல்ட் மின்னும் போதும். விசிசி, எல்இடி, டி_சிஎஸ் மூன்றையும் 3.3 வோல்ட்டுக்கு இணையுங்கள், ஜிஎன்டியைத் தரைக்கு. மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஜிஎன்டியிலும் சிவப்பு முனையை டி_ஐஆர்க்யூவிலும் பிடியுங்கள். தொடாதபோது ஏறத்தாழ 3 வோல்ட் காட்ட வேண்டும். பேனாவால் திரையை அழுத்தியதும் பூச்சியத்துக்குக் கிட்ட விழ வேண்டும், விட்டதும் திரும்ப ஏற வேண்டும். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே எண் நின்றால், எந்தக் கோட் எழுதினாலும் அந்த டச் வேலை செய்யாது. போர்ட்டும் மீற்றரும் ஒரே சட்டகத்தில் தெரிய இதை வீடியோ எடுத்து வையுங்கள்.

பிழை படலத்திலா சிப்பிலா என்று தெரிய வேண்டுமென்றால் மின்னைத் துண்டித்துவிட்டு ஓம் அளவில் பாருங்கள். சிப்பின் 2ஆம், 4ஆம் கால்கள் எக்ஸ் திசைக்கு. 3ஆம், 5ஆம் கால்கள் ஒய் திசைக்கு. ஒவ்வொரு சோடிக்கும் இடையில் சில நூறு ஓம் காட்டும். 2க்கும் 3க்கும் இடையில் தொடாதபோது இணைப்பே இருக்கக்கூடாது. அழுத்தினால்தான் எண் வரும். ஒரு சோடி முற்றாகத் திறந்து கிடந்தால் அந்த நான்கு தட வால் எங்கோ அறுந்திருக்கிறது. கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் போல கடற்கரையை ஒட்டிய இடங்களில், உப்புக் காற்றில் திறந்தபடி கிடந்த போர்ட்டில் இந்த வாலின் சோல்டர் பச்சை பிடித்துப் போவதும் உண்டு. புதிதாக வந்த பொருளில் பச்சை தெரிந்தால் அது புதிதல்ல.

இரண்டாவது பதில்: "5 வோல்ட் குடுத்து எரிச்சிட்டீங்க." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பிள்ளைகள் அடங்கிப்போகிறார்கள். இந்தப் போர்ட்டின் சமிக்ஞைப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஆர்டுயினோ ஊனோவின் 5 வோல்ட் பின்களை நேரே கொடுத்தால் டிஸ்ப்ளே படம் காட்டாமல் வெள்ளையாக நிற்கலாம், நாளடைவில் பழுதாகவும் கூடும். ஊனோவில் இருந்து போகும் ஒவ்வொரு வயரிலும் 1 கிலோ ஓம் தடை தொடராகவும் 2 கிலோ ஓம் தடை தரைக்கும் வைத்து வோல்ட்டைப் பிரிக்க வேண்டும், அல்லது சிடி4050 சிப்பை 3.3 வோல்ட்டில் ஓட்டி அதனூடாக அனுப்ப வேண்டும். விசிசி பின்னுக்கு மட்டும், பின்பக்க ஜே1 இணைப்புத் திறந்திருந்தால், 5 வோல்ட் கொடுக்கலாம். ஜே1 சோல்டரால் மூடப்பட்டிருந்தால் கூடவே கூடாது. இவையெல்லாம் சரி. ஆனால் இல்லாத சிப் எரியாது. பொருத்தப்படாத இடத்தில் சோல்டர் சமமாக, சுத்தமாக இருக்கும். சிப்பைக் கழற்றிய இடத்தில் மேடு பள்ளமும் ஃபிளக்ஸ் கறையும் இருக்கும். போன் கெமராவில் கிட்டவாக எடுத்த படமே அதைத் தெளிவாகக் காட்டும்.

மூன்றாவது பதில்: "கடைக்கு நேரில கொண்டு வாங்க." திருக்கோவிலில் இருந்தோ வாகரையில் இருந்தோ ஒரு மாணவர் இதற்காக இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக முடியாது என்று விற்பவருக்குத் தெரியும். பஸ் காசு பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் இதைச் சொல்கிறார். இதைக் காணும்போதுதான் எங்களுக்கு மிகவும் கோபம் வருகிறது.

குற்றம் சாட்டுவதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்வதும் அவசியம். டிஸ்ப்ளேயின் ஒன்பது பின்களை மட்டும் இணைத்து டி_ பின்களை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஈஎஸ்பி32 உடன் என்றால் டி_சிஎல்கேயை எஸ்சிகே இருக்கும் 18ஆம் பின்னுக்கும், டி_டிஐஎன்னை 23க்கும், டி_டிஓவை 19க்கும் சேர்த்து, டி_சிஎஸ்ஸுக்குத் தனியாக 21 போன்ற ஒரு பின் கொடுங்கள். திரையை இயக்கும் ஆயத்தக் கோட் தொகுப்பான டிஎஃப்டி_ஈஎஸ்பிஐ நூலகத்தின் யூசர் செட்டப் கோப்பில் டச் சிஎஸ் வரியைத் திறந்து அந்த எண்ணைப் போடாவிட்டால் டச் பகுதி கொம்பைலே ஆகாது. டச்சுக்கான எஸ்பிஐ வேகம் 2.5 மெகாஹேர்ட்ஸ், டிஸ்ப்ளேயின் வேகத்தை அதற்குக் கொடுத்தால் தாறுமாறான எண்கள் வரும். எக்ஸ்பிடி2046 தருவது 12 பிட், அதாவது 0 முதல் 4095 வரை. நல்ல திரையில் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குப் பேனாவை இழுத்தால் எண் சில நூறில் தொடங்கி மூவாயிரத்துச் சொச்சம் வரை ஒழுங்காக ஏறும். எப்போதும் 0 அல்லது எப்போதும் 4095 என்றால் வயரைப் பாருங்கள். வயர் சரியென்றால் சிப் இல்லை, அல்லது சிப்போ படலமோ பழுது.

திரை வெள்ளையாக நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பின்னொளி எரிகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. ரீசெட் வயர் விட்டிருந்தாலும், டிசி பின் மாறியிருந்தாலும், டிரைவர் வேறாக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

இதே விற்பனையாளர் 3.5 அங்குலத் திரையையும் தள்ளிவிடுகிறார். அதில் வேறு சிக்கல்கள். ஐஎல்ஐ9488 டிரைவர் உள்ள எஸ்பிஐ போர்ட்டில், டிஸ்ப்ளேயின் எஸ்டிஓ (தரவை வெளியே அனுப்பும்) பின் தன் முறை இல்லாதபோதும் இணைப்பை விட்டுக்கொடுக்காது. அதை டி_டிஓவுடன் ஒரே வயரில் சேர்த்தால் டச் செத்ததுபோல் இருக்கும். எஸ்டிஓவைக் கழற்றிவிட்டாலே சரி. இதைப் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் மேலே குத்தும் 3.5 அங்குலத் திரையை "வீடியோ பார்க்கலாம்" என்று விற்பது சுத்தப் பொய். 480×320 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு படத்துக்கு 2,457,600 பிட். 16 மெகாஹேர்ட்ஸ் எஸ்பிஐயில் செக்கனுக்கு ஆறு படத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வெப்பநிலை காட்டவும் பட்டன் வைக்கவும் தாராளமாகப் போதும். படம் பார்க்கப் போதாது. கூடவே தரும் டிரைவர் ஸ்கிரிப்டை ஓட்டினால் பையின் தொடக்க அமைப்புகளை அது மாற்றி எழுதும். பழைய ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கு எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், 2023இல் வந்த புக்வேர்ம் பதிப்பில் திரையே வராமல் செய்துவிடக்கூடும். எஸ்டி கார்ட்டைப் பிரதி எடுக்காமல் ஓட்டாதீர்கள். பை 5 வைத்திருப்பவர்கள் தட்டைக் கேபிளில் இணையும் 7 அங்குல டிஎஸ்ஐ திரை வாங்கினால், பழைய 15 பின் கேபிள் அதில் ஏறாது. பை 5இல் இருப்பது 22 பின் சிறு சொக்கெட். அதற்கான கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதுவரை சொன்ன அழுத்தும் டச்சைக் கேட்டால், போன் திரை மாதிரி விரல் பட்டாலே போதும் என்ற விரல் டச்சை அனுப்புவதும் உண்டு. "அதைவிட இது உயர்ந்தது" என்று சமாதானம் வரும். படுவான்கரைப் பக்கம் வயல் மோட்டருக்கோ, இறால் தொட்டிக்கோ கட்டுப்பாட்டுப் பெட்டி செய்பவருக்கு அது உயர்ந்தது அல்ல. ஈரக் கையிலும் கையுறையிலும் வேலை செய்வது அழுத்தும் வகைதான். விரல் வகை தண்ணீர்த் துளி விழுந்தாலே தானாகத் தட்டக்கூடும். அதன் சிப்பும் வேறு, எஃப்டி6236, ஜிடி911 போன்றவை ஐ2சி என்ற வேறு இணைப்பு முறை வழியாகப் பேசும். எக்ஸ்பிடி2046க்கு எழுதிய கோட் ஒன்றும் அதில் ஓடாது.

மட்டக்களப்பில் இருந்து முதன்முதல் செயற்றிட்டம் செய்யும் ஒரு மாணவருக்கு எங்கள் சிபாரிசு, ஈஎஸ்பி32உம் திரையும் டச்சும் ஒன்றாகவே சோல்டர் செய்யப்பட்ட மஞ்சள் போர்ட். மொடல் எண் ஈஎஸ்பி32-2432எஸ்028ஆர். கடைசி எழுத்து ஆர் என்றால் அழுத்தும் டச், சி என்றால் விரல் டச். எழுத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இதில் டச்சுக்குத் தனி எஸ்பிஐ பின்கள்: சிஎல்கே 25, மோசி 32, மிசோ 39, சிஎஸ் 33, ஐஆர்க்யூ 36. பின்னொளி 21இல். யூஎஸ்பி வாய் இரண்டு உள்ளதில் நிறம் தலைகீழாக வந்தால் எஸ்டி7789 டிரைவரைத் தெரிவு செய்து பாருங்கள், போர்ட் பழுதில்லை.

இனிக் காசு கொடுக்கும் இடம். ஓடர் போடுமுன் விளம்பரத்தை விலையோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பிறகு அது திருத்தப்படலாம். "அனுப்பப்போகும் அதே போர்ட்டின் பின்பக்கப் படம், பக்கத்தில் இன்றைய திகதி எழுதிய துண்டோடு" என்று கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பார்சல் வந்ததும் கூரியர் லேபலில் தொடங்கி, உறையைப் பிரித்து, போர்ட்டின் பின்பக்கம் தெரியும் வரை வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். பெரும்பாலும் உள்ளுறை ஊடாகவே சிப் இருக்கா இல்லையா என்று தெரியும்; முன்பக்கப் பாதுகாப்புத் தாளை உரிக்க வேண்டாம், மேலே சொன்ன சோதனை எல்லாம் அது இருக்கும்போதே செய்யலாம். பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் சட்டக் கடமை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் "பாதிக் காசு தாறன், பதிவை எடுங்க" என்ற பேச்சுக்கு இணங்காமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். விசாரித்தபின் பொருளை மாற்றித் தரவோ காசைத் திருப்பித் தரவோ உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. தொலைபேசி 1977. முறைப்பாட்டில் "டச் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் திரும்பவும் கோட் பற்றிய வாதத்தில்தான் போய் முடியும். "டச் உள்ளதாக விளம்பரப்படுத்தி, டச் கட்டுப்பாட்டுச் சிப்பும் டச் படலமும் பொருத்தப்படாத போர்ட் அனுப்பப்பட்டது" என்று எழுதி, விளம்பரப் படம், பில், பின்பக்கப் படம், உரையாடல் நான்கையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போர்ட்டை அதுவரை யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.