புகைபோக்கி இல்லாத புரோப்பேன் ஹீட்டர்: ஒரு குளிர்காலம் முழுவதும் பயன்படுத்திய பின்

குளிர் தொடங்குவதற்குச் சற்று முன் வாங்கி, அது முடியும்வரை ஏறத்தாழ நாள்தோறும் எரித்த, சிலிண்டரில் வரும் புரோப்பேன் வாயுவால் இயங்கும் ஒரு ஹீட்டரைப் பற்றியது இந்த மதிப்புரை. மூன்று பீங்கான் தட்டுகளைக் கொண்டு சுவரோரம் நிற்கும் வகையைச் சேர்ந்த இதற்குப் புகைபோக்கி கிடையாது. முழு அளவில் எரிந்தால் 5 கிலோவாட் வெப்பம் தருகிறது. மின்சாரம் தடைப்பட்டாலும் வேலை செய்யும் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். வெப்பத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பற்றவைத்த சில நிமிடங்களில் தட்டுகள் செந்நிறமாகக் கனன்று, அறைக் காற்று சூடாகும்வரை காத்திருக்க வேண்டியில்லாமல், எதிரே அமர்ந்திருப்பவரின் உடலுக்கு நேராகவே அனல் வந்து சேர்கிறது. பெட்டியின் மேல் ‘வீட்டுக்குள் பயன்படுத்தத் தகுந்தது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வாசகத்துக்கு ஆதாரமாக இருப்பது ஆக்சிஜன் குறைவை உணரும் கருவி. பைலட் சுடர் என்னும் சிறு சுடர், வெப்பத்தை மின்னோட்டமாக மாற்றும் தெர்மோகப்பிள் ஒன்றின் நுனியைச் சூடாக்கிக்கொண்டே இருக்க, அதில் உண்டாகும் சிறு மின்னோட்டம் வாயு வால்வைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. காற்றில் இயல்பாக ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 18 விழுக்காட்டை நெருங்கும்போது, பைலட் சுடர் நிலைகுலைந்து நுனியை விட்டு விலகுகிறது. நுனி குளிர்ந்ததும் மின்னோட்டம் நின்று வால்வு தானாக மூடிக்கொள்கிறது. மின்கலம்கூடத் தேவைப்படாத இந்த அமைப்பின் எளிமையை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் இக்கருவி நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அளப்பதே இல்லை என்பதை வாங்குபவர்களில் பலர் அறிவதில்லை. நானும் அறிந்திருக்கவில்லை.

அதை அறிந்துகொண்டது இப்படித்தான். இடையில் சில வாரங்கள் குளிர் தணிந்திருந்ததால் ஹீட்டரை மூடாமல் ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தேன். மீண்டும் பற்றவைத்தபோது துடைக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. தூக்கம் குறைந்ததால் வந்த வலி என்று நினைத்துக்கொண்டிருந்த வேளையில், சுவரில் பொருத்தியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தது. ஹீட்டரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். மறுநாள் வந்த டெக்னீஷியன், பர்னருக்குக் காற்று செல்லும் துளைகளில் தூசியும் நூலாம்படையும் அடைத்திருந்ததைக் காட்டினார். பர்னருக்குப் போதிய காற்று கிடைக்காததால் வாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகியிருக்கிறது. அறையிலோ ஆக்சிஜன் குறையாததால் பைலட் சுடர் ஒழுங்காகவே எரிந்திருக்கிறது. ஆகவே பாதுகாப்புக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இணைந்துவிடும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகிய அதன் தொடக்க அறிகுறிகளைச் சாதாரணக் காய்ச்சலாகவோ களைப்பாகவோ எண்ணிவிடுவது மிக எளிது. உறங்குபவருக்கு அந்த அறிகுறிகளும் எச்சரிக்கையாக உதவுவதில்லை. இந்த ஹீட்டரைப் படுக்கையறையில் வைக்கக்கூடாது, எரியவிட்டு உறங்கக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அதுவே.

காற்றோட்டம் பற்றியும் பெட்டியின் மேல் எதுவும் இல்லை. ஒரு கிலோ புரோப்பேன் எரிய 3.6 கிலோ ஆக்சிஜன் தேவை. எரிந்தபின் 3 கிலோ கார்பன் டைஆக்சைடும் 1.6 கிலோ நீராவியும் உண்டாகின்றன. புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் இவை அனைத்தும் அறைக்குள்ளேயே தங்கும். 9 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீரை அறைக் காற்றில் கலந்திருப்போம். ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரும், அலமாரிக்குப் பின்சுவரில் படரும் பூஞ்சையும் இதன் விளைவுகளே. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைச் சற்றுத் திறந்துவைப்பதால் வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகிறது என்பது உண்மைதான். அந்த இழப்பையும் எரிபொருள் செலவோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்வதே முறை. முழு அளவில் எரித்தால் அந்தச் சிலிண்டர் சுமார் 25 மணி நேரம் வருகிறது.

சிலிண்டரை நான் வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், சமமான கல் தளத்தின் மேல் நிறுத்தியிருக்கிறேன். அங்கிருந்து சுவர் வழியாக உலோகக் குழாய் வருகிறது. அதை உரிமம் பெற்ற டெக்னீஷியனைக் கொண்டு பொருத்தினேன். ரப்பர் குழாயை ஜன்னல் இடுக்கு வழியே இழுத்துக்கொள்ளலாம் என்று சிலர் கூறிய யோசனையை ஏற்கவில்லை, ஏனெனில் ஜன்னல் சட்டத்தில் நசுங்கித் தேயும் குழாய் எப்போது வெடிப்புவிடும் என்று யாராலும் கணிக்க முடியாது. புரோப்பேன் வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் தரையோடு படர்ந்து, நிலவறை, வடிகால், படிக்கட்டின் அடிப்பகுதி போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கும். காற்றில் 2 விழுக்காடு அளவுக்கு அது கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. நிலவறையிலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் சிலிண்டரை வைக்கக்கூடாது என்பது இதனால்தான். காலிச் சிலிண்டருக்கும் இதே விதிதான், ஏனெனில் காலி என்று நாம் சொல்வதில் வாயு எஞ்சியே இருக்கும்.

சிலிண்டரைப் படுக்கவைக்கவே கூடாது. உள்ளே திரவமாக இருக்கும் எரிபொருளின் அளவு 80 விழுக்காட்டைத் தாண்டாதபடி நிரப்புவதன் நோக்கம், வெயிலில் திரவம் விரிவடைய இடம் விடுவது. அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்வு அந்த மேல்வெளியிலிருந்து வாயுவை மட்டும் வெளியேற்ற வேண்டும். சிலிண்டர் சாய்ந்து கிடந்தால் அதன் வழியே திரவம் பீறிடும், அந்தத் திரவம் ஏறத்தாழ 270 மடங்கு வாயுவாக விரியும். காரில் எடுத்து வரும்போதும் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, வேறெங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

இணைப்பு வேலை சிறிது பொறுமையைக் கேட்கிறது. என் சிலிண்டரின் திருகு மறை இடப்புறமாகத் திருகினால் இறுகும் வகை. பழக்கத்தால் எதிர்ப்புறம் திருகி மறையைச் சேதப்படுத்திவிடக் கூடும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோப்பு நீரை இணைப்புகள் எல்லாவற்றின் மேலும் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்கிறேன். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கசிவைக் கண்டுபிடிக்கும் வழி ஆகாது, தீயை அழைக்கும் வழி. சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும்: சட்டென்று திறந்தால் ரெகுலேட்டரில் உள்ள மிகையோட்டத் தடுப்பு (வாயு அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இயங்கி, ஹீட்டர் மங்கலாக எரியும்.

கசிவை முகர்ந்தே அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. புரோப்பேனுக்கு இயல்பில் மணம் இல்லை. அழுகிய முட்டைக்கோசு போன்ற அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதால் வருவது. புதிய எஃகுச் சிலிண்டரிலும் உள்ளே துருப்பிடித்த பழைய சிலிண்டரிலும் அந்த நாற்றம் மங்கிவிடுவதுண்டு. சளி பிடித்தவருக்கும் முதியவர்களுக்கும் அது எட்டாமல் போகலாம். ஆகவே வாயுக் கசிவு அலாரம் ஒன்றைத் தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தனியாகப் படுக்கையறைகளுக்கு அருகிலும் பொருத்தியிருக்கிறேன். நாற்றம் வந்தாலோ வாயு அலாரம் ஒலித்தாலோ எந்த மின்சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. உள்ளே நின்று தொலைபேசியில் பேசவும் கூடாது. வீட்டிலுள்ள அனைவரும் வெளியேறி, ஆபத்தின்றி எட்ட முடிந்தால் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, தொலைவில் நின்று தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

சாய்ந்தால் அணைந்துவிடும் சுவிட்ச், முன்புறக் கம்பி வலை ஆகியவை நன்றாகவே அமைந்துள்ளன. கம்பி வலை தொட்டால் சுடும் அளவுக்குச் சூடேறுவதால், சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தனியாக ஒரு தடுப்பு தேவைப்படும். திரை, மெத்தை, துணி எதுவும் 1 மீட்டருக்குள் வரக்கூடாது. ஈரத்துணியை எதிரே காயப்போடும் வழக்கத்தை எங்கள் வீட்டில் அறவே நிறுத்திவிட்டோம்.

மின்தடை நேரங்களுக்கும், காற்றோட்டமுள்ள கூடத்தில் விழித்திருக்கும் மாலைப் பொழுதுகளுக்கும் இந்த ஹீட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாள் முழுவதும் வீட்டைச் சூடாக்க வேண்டியவர்கள் புகைபோக்கி உள்ள வகையையே தேட வேண்டும். தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது: பர்னர் துளைகளை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வாங்க வேண்டும் என்ற இரண்டு அறிவுரைகளும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் கிடக்கின்றன. அவற்றை ‘வீட்டுக்குள் பயன்படுத்தத் தகுந்தது’ என்ற வரிக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.