மொரோக்கோவா, வட அமெரிக்காவா?

2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நடத்தக் கடைசிவரை நின்றது இரண்டே தரப்பு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்த அணியிடம் பெரிய மைதானங்கள் கட்டி முடிந்தே இருந்தன. மொரோக்கோ காட்டிய 14 மைதானங்களில் 9ஐப் புதிதாகக் கட்டவேண்டும். 2018 ஜூனில் 134க்கு 65 வாக்கு என்று தோற்றது.

தீர்ப்பு சரிதான். ஆனாலும் என் மனசு மொரோக்கோ பக்கம். ஐந்தாவது முறையும் கேட்டு வெறுங்கையோடு திரும்பிய நாடு அது!

மட்டக்களப்பில் இருந்து பார்க்கிற எங்களுக்கு நேரமும் பெரிய விசயம். மொரோக்கோவில் இரவு 8 மணி ஆட்டம் கல்லடியில் நள்ளிரவு 12.30, கூட்டாளிமார் கூடியிருந்து பார்க்கலாம். நியூயோர்க்கில் 8 மணி என்றால் இங்கே விடிய 5.30, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்.

2030இல் ஸ்பெயின், போர்த்துக்கலோடு மொரோக்கோவும் நடத்துகிறது. அதற்குத்தான் காத்திருக்கிறேன்.