அம்மா முழுதாக நடந்து பார்த்த தோட்டம்

காலை உணவோடு தங்க இடம் தரும் இந்த வீட்டில் அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கட்டில், சத்தம் போடாத மின்விசிறி, சுத்தமான குளியலறை. மூன்று இரவு தங்கினோம், தூங்கிய நேரம் போக மற்றதெல்லாம் தோட்டத்திலும் கூடத்திலும்தான் கழிந்தது. இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வர வேண்டும்.

நான் வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவள். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அதனால் எங்கே தங்கப் போனாலும் என் கண் முதலில் படிக்கட்டுக்கும் கைப்பிடிக்கும்தான் போகும். கிராமத்துப் பக்கம் காலை உணவோடு தங்க இடம் தரும் பல வீடுகளில் தோட்டம் என்பது போட்டோவுக்கு மட்டும்தான். நடுவில் புல்வெளி, ஓரத்தில் பூந்தொட்டிகள், ஒரே ஒரு ஊஞ்சல். அதிலும் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அம்மா தாழ்வாரத்தோடு நின்றுவிடுவார்.

இங்கே வாசலில் இருந்து கிணற்றடி வரை போகும் பாதையில் ஆறு இடங்களில் உட்காரலாம். முப்பது நாற்பது தப்படிக்கு ஒன்று வந்துவிடுகிறது. ஒன்று கல் திண்ணை, ஒன்று வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை, மற்றவை கை வைத்த மரப் பெஞ்சுகள். பெஞ்சின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தேன், 18 அங்குலம் இருக்கும். இதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்காரர்களுக்கு எழுந்திருப்பது பாடு. கையை ஊன்றி எழ இரண்டு பக்கமும் பிடி இருப்பது இன்னும் நல்லது. பாதையில் சரளைக் கல் கொட்டவில்லை. கெட்டித்த மண்ணில் பலகைக் கற்களைச் சமமாகப் பதித்திருக்கிறார்கள். ஊன்றுகோல் சறுக்கவில்லை, புதையவும் இல்லை.

பாதி வழியில் ஒரு மேடு வருகிறது, அதில் ஏழு படிகள். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பிளாண்டெல் என்ற 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் படிகளுக்கு ஒரு கணக்கு வைத்தார். இரண்டு படிகளின் உயரத்தோடு ஒரு படியின் அகலத்தைக் கூட்டினால் மனிதர் எடுத்து வைக்கும் ஒரு தப்படியின் நீளம் வர வேண்டும். எங்கள் தொழிலில் இன்றும் 24, 25 அங்குலம் என்று அதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். இங்கே ஒவ்வொரு படியும் 5 அங்குல உயரம், 14 அங்குல அகலம். கூட்டிப் பார்த்தால் 24. ஏழு படியிலும் அளவு மாறவில்லை, ஓரத்தில் கைப்பிடிக் குழாயும் உண்டு. அம்மா ஏறி முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொரு விஷயம், எல்லாப் பெஞ்சுகளின் முதுகும் ஒரு செடிப் புதரையோ சுவரையோ ஒட்டி இருக்கிறது. பின்னால் ஆள் நடமாட்டம் இல்லை என்று தெரிந்தால்தான் மனம் அமைதியாக உட்காரும். அன்று நான்கு அறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள், குழந்தைகள் வேறு. ஆனாலும் ஒருவருக்கொருவர் இடைஞ்சலாக இல்லை. பேச வேண்டும் என்றால் வேப்பமர மேடைக்குப் போகலாம், வேண்டாம் என்றால் கிணற்றடிப் பெஞ்சு.

அந்தக் கிணற்றடிப் பெஞ்சுக்கு மேலே ஒரு பவழமல்லி மரம். அந்திக்கு மேல் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் பூ. காலை ஆறு மணிக்குப் போனபோது பெஞ்சு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது, ஒவ்வொன்றிலும் அந்த ஆரஞ்சுக் காம்பு. உட்கார இடம் இல்லை. துடைத்துத் தள்ள மனம் வராமல் அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். "நீ சுத்திட்டு வாடி, நான் இங்கயே இருக்கேன்" என்றார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் போய் அழைத்து வந்தேன்.

பறவைகள் குடிக்க ஆழமில்லாத மண் தட்டு வைத்திருக்கிறார்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுகிறார்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். தேங்கிய நீர் எங்கும் கண்ணில் படவில்லை. மாலையில் வெளியே உட்கார முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, குறைகள். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படி இருக்கிறது, நாலு அங்குலம் தூக்கலாக. தரையும் அதுவும் ஒரே சிவப்பு. முதல் நாள் இரவு அம்மா அதில் தடுக்கி, நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் ஏழு படியையும் அப்படிப் பார்த்துக் கட்டியவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நிலைப்படி நெடுக வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. "உயரத்தைக் குறைக்க ஆளைக் கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

கூடத்தில் நீளமான மேசை, புத்தக அலமாரி, நல்ல சாய்வு நாற்காலிகள் எல்லாம் உண்டு. ஆனால் விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் உச்சியில். இரவு அங்கே படிக்க உட்கார்ந்தால் நம் நிழலே புத்தகத்தின் மேல் விழுகிறது. நாற்காலி பக்கம் ஒரு சின்ன விளக்கு வைத்தால் போதும். இதையும் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்த கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்குங்கள். மாடி அறைகளுக்குப் போகும் படிகள் செங்குத்தாக இருக்கின்றன, கைப்பிடியும் ஒரு பக்கம்தான்.