இரண்டாவது எஞ்சினா, துடுப்பும் நங்கூரமுமா?

ஓடுகிற எஞ்சின் இடையில் நின்றால் உதவட்டும் என்று, மட்டக்களப்பு வாவிக்குள் ஓடுகிற சிறு படகுக்கு இரண்டாவது எஞ்சின் வாங்குவது வீண் செலவு. பெரும்பாலும் ஆழமில்லை, துடுப்புப் போட்டோ கோல் ஊன்றியோ கரை சேரலாம்.

வாழைச்சேனை, கல்முனைக் கடலுக்கு அது சரிவராது. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசும். எஞ்சின் நின்ற படகை வெளியே தள்ளிக்கொண்டே போகும். எதிர்த்துத் துடுப்புப் போட்டால் களைப்புத்தான் மிச்சம். அங்கே 8 குதிரைவலு எஞ்சினொன்று மேலதிகமாக இருந்தால் மெதுவாகவேனும் திரும்பலாம். ஆனால் அதற்கு எண்ணெய் தனிக் கேனில் இருக்கவேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயால் பெரியது நின்றால், அதே தாங்கியில் பூட்டிய சின்னதும் நிற்கும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

காசில்லையென்றால் நங்கூரத்தையாவது விடாதீர்கள். கயிறு ஆழத்தைப்போல 5 மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. எஞ்சின் நின்றதும் முதலில் நங்கூரத்தை இறக்குங்கள். பழுது பார்க்க எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைப் பிறகு கழற்றலாம்.